ஊழியம் என்னும் சொல்

நான் முதுகலை படித்துக்கொண்டிருந்த நாட்களில், தமிழ்த்துறையின் ஆண்டுமலரை அச்சிடும் பொருட்டு ஒரு சிறிய அச்சகத்திற்குப் பலமுறை போய்வர நேர்ந்தது. ஊரில் கணினி அச்சு வந்துவிட்ட பின்னும் அங்கே ஈய எழுத்துகள்தாம் ஆட்சி செய்தன. திருமண அழைப்பிதழ், பில் புத்தகம், துண்டறிக்கை ஆகியவற்றை நம்பிக் காலம் தள்ளிய அச்சகம் அது. அங்கிருந்த கம்போசிட்டர் அறுபது வயதை நெருங்கியவர், கிறித்தவர். எங்கள் கையெழுத்துப் படியில் இருந்த ஒற்றுப் பிழைகளையும் லகர ளகர மயக்கங்களையும் எங்களைக் கேட்காமலேயே திருத்திக் கோத்துவிடுவார். தமிழ் முதுகலை மாணவர்களாகிய நாங்கள் புரூஃபைப் பார்க்கும்போதுதான் எங்கள் பிழையை அறிவோம். அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

ஒருநாள் பேச்சுவாக்கில் அவருடைய பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். "பெரியவன் ஊழியத்துக்குப் போயிட்டான் தம்பி. ஆண்டவருக்குன்னு ஒருத்தனைக் கொடுத்தாச்சு. நான்தான் இந்த ஈயத்தோடயே காலத்தை ஓட்டிட்டேன்" என்றார். குரலில் வருத்தம் என்று ஏதுமில்லை. தனக்கு விதிக்கப்பட்டது இரண்டாம் தரமான வாழ்க்கை என்பதை நெடுநாள் முன்பே ஏற்றுக்கொண்டுவிட்ட ஒருவரின் அமைதி மட்டும் இருந்தது.

பல ஆண்டுகள் கழித்துத் தமிழ் அச்சு வரலாற்றைப் பாடமாக நடத்த வேண்டிவந்தபோது அந்தச் சொற்கள் மீண்டும் நினைவுக்கு வந்தன. அவர் அறியாமல் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திற்குள் நெடிய வரலாறு ஒன்று புதைந்து கிடக்கிறது என்று தோன்றியது. அதைத் தோண்டிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

*

ஊழியம் என்ற சொல்லுக்கு இன்றைய தமிழில் இரண்டு வாழ்க்கைகள் உண்டு. அரசு ஊழியர், வங்கி ஊழியர் என்னும்போது அது சம்பளத்திற்குச் செய்யும் வேலை. தேவாலயத்தின் வாசலைத் தாண்டி உள்ளே போனால் அதே சொல் இறைப்பணியாகிவிடுகிறது. அங்கே ஊழியர் என்பவர் போதகர் அல்லது நற்செய்தியாளர். 'முழுநேர ஊழியம்' என்ற தொடர் தமிழ்க் கிறித்தவர்களிடையே மிகுந்த மதிப்புடையது. தச்சரையோ தையற்காரரையோ செவிலியரையோ அத்தொடரால் யாரும் சுட்டுவதில்லை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் துண்டுப் பிரதி கொடுக்கச் சென்றால் அதுவே அவர்களுடைய ஊழியம். வாரத்தின் மற்ற ஆறு நாட்களும் வெறும் பிழைப்பு.

இச்சொல்லுக்கு மூன்றாவதாகவும் ஒரு வாழ்க்கை இருந்தது. இன்று அது பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

புனிதமான வேலை, வெறும் வேலை என்ற இந்தப் பிரிவினை தமிழுக்கு மட்டும் உரியதன்று. இடைக்கால ஐரோப்பாவில் 'அழைப்பு' என்ற சொல் குருத்துவத்தையும் துறவையுமே குறித்தது. இறைவனால் அழைக்கப்பட்டவர் மடத்திற்குப் போவார். அழைக்கப்படாதவர் ஏர் உழுவார். அந்த மடங்களுக்குள்ளேயே இதற்கு மாறான ஒரு குரலும் இருந்தது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த துறவற விதிகளில், மடத்தின் கருவிகளையும் பொருள்களையும் பலிபீடத்தின் புனிதக் கலங்களைப் போலக் கருத வேண்டும் என்ற கட்டளை உள்ளது. மண்வெட்டியும் பூசைப் பாத்திரமும் ஒன்று என்பது எளிய கருத்தன்று. ஆயினும் அது மடத்தின் மதிலுக்குள்ளேயே நின்றுவிட்டது.

மதிலுக்கு வெளியே அதைக் கொண்டுவந்ததில் மார்ட்டின் லூதருக்குப் பெரும் பங்குண்டு. 1522-இல் திருமண வாழ்வைப் பற்றி அவர் எழுதிய நூலில் ஒரு தகப்பன் வருகிறான். குழந்தையின் அழுக்குத் துணியை அவன் அலசுவதைக் கண்டு ஊரார் நகைக்கிறார்கள். ஆனால் அவன் அதை விசுவாசத்தோடு செய்வதைப் பார்த்து இறைவனும் வானதூதர்களும் மகிழ்கிறார்கள் என்கிறார் லூதர். பின்னர் விவிலியத்தை ஜெர்மன் மொழியில் பெயர்த்தபோது, சீராக்கின் ஞானநூலில் அன்றாட உழைப்பைக் குறிக்கும் இடத்தில் 'பெரூஃப்' என்ற சொல்லை இட்டார். அழைப்பு என்னும் பொருளுடைய அச்சொல் அன்று முதல் தொழிலையும் குறிக்கலாயிற்று. இந்தச் சிறிய மொழிபெயர்ப்புத் தேர்வின் விளைவுகளை மாக்ஸ் வேபர் 1904, 1905-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட தம் புகழ்பெற்ற ஆய்வில் விரிவாக ஆராய்ந்தார். முதலாளியத்தின் வேர் பற்றிய வேபரின் முடிவுகளை ஏற்பதும் மறுப்பதும் வேறு விவாதம். ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லை இடம் மாற்றிவைத்ததால் செருப்புத் தைப்பவரும் தம்மை அழைக்கப்பட்டவராக எண்ண முடிந்தது என்பதே இங்கு நமக்குரிய செய்தி.

*

இக்கருத்து தமிழ் மண்ணுக்கு எவ்வாறு வந்தது? பிரசங்கமாக வந்ததைக் காட்டிலும் பட்டறையாக வந்தது என்று சொல்வதே பொருந்தும்.

ஜெர்மனியின் ஹாலே நகரில் 1695-இல், காணிக்கைப் பெட்டியில் கிடைத்த சிறு தொகையைக் கொண்டு ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அதைச் சுற்றி அநாதை இல்லம், மருந்தகம், புத்தகக் கடை, அச்சகம் என ஒரு சிற்றூரே எழுந்தது. பக்தி இயக்கத்தார் எனப்பட்ட இவர்களுக்கு மருந்து இடிப்பதும் அச்சுக் கோப்பதும் செபத்திற்கு இடையில் வரும் இடைவேளைகள் அல்ல. உலகத்தைச் சீர்ப்படுத்தும் அதே பணியின் பகுதிகள். 1710-இல் அங்கே நிறுவப்பட்ட கான்ஸ்டைன் விவிலிய நிறுவனம் ஒரு முழு நூலின் கோத்த எழுத்துகளைக் கலைக்காமல் அப்படியே வைத்திருந்து மீண்டும் மீண்டும் அச்சிடும் முறையைக் கையாண்டது. ஏழைகள் வாங்கும் விலைக்கு விவிலியம் கிடைக்கலாயிற்று. அங்கே இறையியலைச் செயலாக்கியவர்கள் ஈயத்தையும் மையையும் கணக்கிடத் தெரிந்தவர்கள்.

அந்த ஹாலேயில் பயின்ற சீகன்பால்கு, டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்டு, புளுச்சௌவுடன் 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினார். சிறு பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றது, டேனிஷ் ஆளுநரோடு மோதி நான்கு மாதம் சிறையிலிருந்தது, 1708-இல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711-இல் முடித்தது ஆகியவை யாவரும் அறிந்தவை. மொழிபெயர்ப்பு முடிந்த பிறகு நிகழ்ந்தது அந்த அளவு அறியப்படவில்லை.

இலண்டனிலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் 1711-இல் ஓர் அச்சுப்பொறியையும் அதை இயக்க யோனாஸ் ஃபிங்க் என்ற அச்சுத் தொழிலாளரையும் கப்பலேற்றியது. ரியோ டி ஜெனிரோ அருகே பிரெஞ்சுக்காரர் கப்பலைப் பிடித்தனர். பிறகு கப்பல் மீண்டும் புறப்பட்டதெனினும் ஃபிங்க் வழியிலேயே இறந்துபோனார். 1712-இல் அச்சுப்பொறி மட்டும் தரங்கம்பாடி வந்து சேர்ந்தது. அதை ஓட்டத் தெரிந்த ஒருவரைத் தேடியபோது, டேனிஷ் கும்பினியின் படைவீரர் ஒருவருக்கு அத்தொழில் தெரிந்திருந்தது. துப்பாக்கி பிடித்த கை போர்த்துகீசிய எழுத்துகளைக் கோக்கத் தொடங்கியது.

தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வெட்டப்பட்டு, 1713-இல் யோஹான் காட்லீப் ஆட்லர் என்ற அச்சுக் கலைஞருடனும் அவருடைய தம்பியுடனும் வந்தன. தமிழ் அறியாதவர்கள், அனுப்பப்பட்ட மாதிரியைப் பார்த்து வெட்டிய எழுத்துகள் அவை. மிகப் பெரியனவாக இருந்தன. காகிதமோ கடல் கடந்து வரவேண்டிய பொருள். அவ்வளவு பெரிய எழுத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடிப்பது இயலாத காரியம். ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்க்கும் வேலையில் ஆட்லர் இறங்கினார்.

அந்த வேலை எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஒவ்வோர் எழுத்தையும் எஃகுத் துண்டின் நுனியில் இடவலமாகத் திருப்பிச் செதுக்கவேண்டும். அதைச் செம்பில் அடித்துப் பள்ளம் பதிக்கவேண்டும். அப்பள்ளத்தில் உருக்கிய ஈயக் கலவையை வார்த்து, குளிர்ந்தபின் எடுத்து, அராவி, உயரம் ஒத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ணகரத்தின் ஒரு சுழி தவறினால் மீண்டும் முதலிலிருந்து. சோழமண்டலக் கடற்கரையின் வெயிலில், உலை எரியும் அறைக்குள், தாய்மொழியல்லாத ஒரு மொழியின் எழுத்துகளோடு ஒருவர் இதைச் செய்தார். இலண்டன் கழகத்தார் உணவுக்கென்று அனுப்பிய பாலாடைக்கட்டிகளின் ஈய உறைகளும் எழுத்து வார்க்கப் பயன்பட்டன என்று மிஷன் வரலாறுகள் குறிப்பிடுகின்றன.

1714-இல் நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 'அஞ்சு வேத பொஸ்தகம்' என்ற பெயரில் வந்தன. 1715-இல் புதிய ஏற்பாடு முழுமை பெற்றது. மொழிபெயர்த்த சீகன்பால்கு அப்போது தரங்கம்பாடியில் இல்லை. 1714-இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய அவர் 1716-இல்தான் திரும்பினார். கிரண்ட்லரின் மேற்பார்வையில் ஆட்லரும் அச்சகத்தாரும் நூலை முடித்தனர். இந்திய மொழி ஒன்றில் முதன்முதலாக அச்சேறிய புதிய ஏற்பாட்டின் கடைசித் தாள்கள் ஈரம் உலரத் தொங்கியபோது அவற்றின் கீழே நின்றவர்கள் தொழிலாளர்களே.

காகிதத் தட்டுப்பாட்டை நீக்கப் பொறையாறில் ஒரு காகித ஆலையும் தொடங்கப்பட்டது. அது நிலைக்கவில்லை. கடுதாசிப்பட்டறை என்ற இடப்பெயர் மட்டும் அங்கே நின்றுவிட்டது.

*

இந்த வரிசை ஆட்லரோடு தொடங்கியதன்று. தரங்கம்பாடிக்கு ஏறத்தாழ நூற்று முப்பத்தைந்து ஆண்டுகள் முன்னரே, 1577-இல் கோவாவில் முதல் தமிழ் அச்செழுத்துகளை வார்த்தவர் யோவான் கொன்சால்வஸ். இயேசு சபையில் குருப்பட்டம் பெறாத, கைத்தொழில் செய்யும் சகோதரர் நிலையில் இருந்தவர். அவருடைய எழுத்துகளும் மறு ஆண்டு கொல்லத்தில் வார்க்கப்பட்ட எழுத்துகளும் சேர்ந்து 1578-இல் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்க நூலாயின. நூலைப் பெயர்த்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் பாதிரியாரை நம் மாணவர்கள் அறிவார்கள். எழுத்து வார்த்த சகோதரர் பெயர் தேர்வுக்கு வருவதில்லை. 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சாவின் தமிழ் - போர்த்துகீசிய அகராதிக்கு மரத்தில் எழுத்து வெட்டியவர் இக்னேசியஸ் ஐச்சாமணி என்ற உள்ளூர்க்காரர். அவர் பெயர் தப்பிப் பிழைத்தது ஒரு தற்செயல்.

தரங்கம்பாடியில் மை இடித்தவர்கள், பொறியின் கைப்பிடியை இழுத்தவர்கள், தாள் மடித்தவர்கள், தைத்துக் கட்டியவர்கள் ஆகியோருள் தமிழர்கள் இருந்தனர். அவர்கள் யாவர்? அவ்வேலையைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தனர்? ஆட்லருக்கு அது ஹாலேயின் கொள்கைப்படி இறை அழைப்பு. பொறியை இழுத்த தமிழருக்கு அது அழைப்பா, கூலியா, இரண்டுமா? அந்த அச்சகத்தின் தொடக்கக் கால வெளியீடுகளுள் உள்ளூர் வழிபாட்டைக் கடுமையாகச் சாடும் சிறு நூலும் ஒன்று. தம் பெற்றோரின் தெய்வங்களை இகழும் அந்தப் பக்கங்களை மடித்தபோது அவர்கள் கை தயங்கியதா? இக்கேள்விகளை விலக்கிவிட்டு 'உழைப்பின் புனிதம்' பேசுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது.

ஏனெனில் லூதரின் கருத்திலேயே ஒரு விரிசல் இருக்கிறது. சீராக்கின் அந்த வசனமே 'உன் தொழிலில் நிலைத்திரு' என்னும் தொனியுடையது. அவரவர் அழைக்கப்பட்ட நிலையிலேயே இருக்கட்டும் என்று பவுலும் கொரிந்தியருக்கு எழுதுகிறார். எல்லா வேலையும் புனிதம் என்ற அறிவிப்பு, 'ஆகவே உன் வேலையை விட்டு நகராதே' என்ற கட்டளையாக மாற அதிக தூரமில்லை. 1525-இல் ஜெர்மன் உழவர்கள் கிளர்ந்தெழுந்தபோது லூதர் பிரபுக்களின் பக்கம் நின்றார். துணி அலசும் தகப்பனைக் கண்டு மகிழ்ந்த அதே பேனா உழவரை ஒடுக்கச் சொல்லி எழுதியது.

*

இங்கேதான் ஊழியம் என்ற சொல்லின் மூன்றாவது வாழ்க்கை குறுக்கிடுகிறது. பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால், தாழ்த்தப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்தே தீரவேண்டிய கட்டாய உழைப்பு. சுமை தூக்குவதும், கேட்ட பொருளைக் கேட்ட இடத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர்கள் தலைமேல் விழுந்தன. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்திருவிதாங்கூரில் இலண்டன் மிஷன் பரவியபோது எழுந்த கோரிக்கைகளுள் ஒன்று, ஞாயிற்றுக்கிழமையிலேனும் கிறித்தவர்களுக்கு ஊழியத்திலிருந்து விலக்கு வேண்டும் என்பது.

அந்த மனிதரிடம் போய் "உன் ஊழியம் இறைவனுக்கு உகந்தது, மகிழ்ச்சியோடு செய்" என்று சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய கொடுமையாக இருந்திருக்கும்! அவருக்கு முதலில் வேண்டியிருந்தது சுமையை இறக்கிவைக்கும் ஒரு நாள். வேலையின் தத்துவம் அதற்குப் பிறகுதான். இறைவனுக்கான ஊழியம் அரசனுக்கான ஊழியத்தை மறுக்கும் உரிமையாக அங்கே வந்தது. ஒரே சொல் தன்னைத் தானே எதிர்த்து நின்றது.

அதே நிலப்பகுதியில் நிகழ்ந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1820-களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில், மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், தம் விடுதிப் பள்ளியின் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டுபோன்ற தலையணையில் ஊசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றி எறிந்து பின்னும் வேலை அது. கண்ணை வாங்கும், முதுகை வளைக்கும், சலிப்பூட்டும். பின்னியதை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்மணிகள். சீமாட்டிகளின் சட்டைக் கரைக்காகத் தென்திருவிதாங்கூர்ச் சிறுமிகள் குனிந்து அமர்ந்திருந்ததில் கசப்பான முரண் இல்லாமலில்லை. ஆனால் அந்தப் பள்ளியில் அடிமைகளாகப் பிறந்த பெண்களும் இருந்தனர். லேஸ் விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கியவர்கள் அவர்களுள் உண்டு என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்தது 1855-இல்தான்.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. சுமை தூக்குவதும் லேஸ் பின்னுவதும் ஒன்றுபோலவே உடலை வருத்துபவை. ஒன்று பிறப்பால் சுமத்தப்பட்டது. மற்றொன்றின் பயன் செய்தவள் கைக்கே வந்தது. வேலை எளியது என்பதாலேயே அது புனிதமாகிவிடாது. செய்பவருக்கு அதை விட்டு நீங்கும் உரிமையும் உழைப்பின் பயனும் இருக்கும்போதுதான் 'அழைப்பு' என்ற சொல்லை அதன்மேல் வைக்க நமக்குத் தகுதி உண்டாகிறது. அடிமையாயிருப்பவனுக்கு விடுதலை வாய்க்குமானால் அதை ஏற்றுக்கொள் என்று பவுலும் அடுத்த வசனத்திலேயே சொல்கிறார். நிலைத்திரு என்பதை உரத்து வாசித்தவர்கள் பலர், இதை மெல்ல வாசித்துக் கடந்தார்கள்.

*

மாற்குவின் நற்செய்தியில் நாசரேத்து ஊரார் இயேசுவைக் கண்டு வியந்து, இவன் தச்சன் அல்லவா என்று கேட்கிறார்கள். அக்கேள்வியில் இருப்பது ஏளனம். தச்சனுக்கு எங்கிருந்து வந்தது ஞானம் என்பதே அதன் உட்பொருள். சுமார் முப்பது வயது வரையிலான அவருடைய வாழ்க்கையைப் பற்றி நற்செய்திகள் ஏறக்குறைய மௌனம் காக்கின்றன. கிறித்தவ மரபு அந்த மௌனத்தை மரச்சீவல்களால் நிரப்பிக்கொண்டது. பவுலும் கூடாரம் செய்து பிழைத்தவர். நாசரேத்து ஊரார் கேட்ட அதே கேள்வியை நம் சபைகளும் வேறு சொற்களில் இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. முழுநேர ஊழியம் என்ற தொடர் அப்படியொரு கேள்வி.

அந்தக் கம்போசிட்டர் இவ்வரலாற்றை அறிந்திருக்கவில்லை. அன்று நானும் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால், அவர் மகன் கையில் ஏந்திய விவிலியம் தமிழில் வருவதற்கு ஒருவர் கடற்கரை ஊரொன்றில் ஈயத்தோடு காலத்தை ஓட்டவேண்டியிருந்தது என்று சொல்லியிருப்பேன். அவர் ஏற்றுக்கொண்டிருப்பாரா என்பது வேறு. ஒருவேளை சிரித்துவிட்டு, கேஸிலிருந்து அடுத்த எழுத்தை எடுத்திருப்பார்.

அந்த ஆண்டுமலர் இப்போதும் என்னிடம் இருக்கிறது. நன்றியுரைப் பக்கத்தில் கல்லூரி முதல்வர், துறைத்தலைவர், விளம்பரம் தந்த கடைக்காரர்கள், அச்சக உரிமையாளர் என்று எல்லோருடைய பெயரும் உள்ளன. எங்கள் பிழைகளைத் திருத்திக் கோத்தவர் பெயர் இல்லை. மலரின் மாணவ ஆசிரியன் நான். அந்தப் பக்கத்தை எழுதியதும் நான்தான். அவருடைய கை அதையும் கோத்துத் தந்தது.